நமக்காக ஓடியவர்கள்



ஐந்து வாரங்களாக இந்த வாரச் சிந்தனையை நான் எழுதவில்லை. எங்கள் மூத்த மகளின் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் ஜப்பான் தேசத்தின் கோபே நகரத்துக்குச் சென்றிருந்ததை நீங்கள் அறிவீர்கள். தாயையும் சேயையும் கர்த்தர் சுகமாய்க் காத்தார். உங்கள் ஜெபங்களுக்காக நன்றி. திரும்பி வந்த ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும், "ஐயா, அங்கிருந்து என்ன கொண்டுவந்தீர்கள்?" என்று பலர் கேட்டீர்கள். "ஒரு சமையற் குறிப்பு" என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. இந்த வாரம் அந்தக் குறிப்பையே உங்களுக்குத் தருகிறேன். அதைச் செய்யப்போய் என்னைப்பற்றி நான் அறிந்துகொண்டதையும் மறைக்காமல் சொல்லுகிறேன்.

கோபேக்குச் சென்ற மூன்றாம் வாரத்தில் என் மனைவியின் வலது முழங்கால் வீங்கிப்போயிற்று. மருத்துவர் பரிசோதித்துவிட்டு, எலும்பில் பழுதில்லை, ஓயாமல் நின்றதால் வந்த வீக்கம், பத்து நாட்களாவது அடுப்பங்கரையில் நிற்கக்கூடாது என்றார். மருமகன் எங்களுக்கு மொழிபெயர்த்தார். "எவ்வளவு காலமாக இப்படி நிற்கிறார்கள்?" என்று மருத்துவர் கேட்டபோது, "மூன்று வாரங்கள்" என்று நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. வீடு திரும்பும்போது ரயிலில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "29 வருஷம்னு சொல்லியிருக்கலாம்" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்களுக்குத் திருமணமாகி 29 ஆண்டுகள் ஆகின்றன.

இனி வீட்டில் சமைப்பது யார்? மகள் பிள்ளை பெற்று இருபது நாட்கள்கூட ஆகவில்லை. மருமகன் வேலை முடிந்து வீடு சேர இரவு எட்டு மணியாகும். "நான் சமைக்கிறேன்" என்றேன். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை; பிறகு மகள் சிரித்தாள். வெந்நீர் போடுவதற்கு மேல் அடுப்பில் நான் எதையும் செய்து அவள் கண்டதில்லை. இறையியல் கல்லூரி விடுதியில் மெஸ். குருப்பட்டம் பெற்றபின் குருமனையில் என் மனைவி. இப்படியே என் காலம் கழிந்தது.

"அப்பாவுக்கு ஏற்றது தெரியாக்கிதான். நாலு சாமான், ஒரு சட்டி போதும்" என்றாள் மகள்.

"பெயரிலேயே 'தெரியா' இருக்கிறதே, எனக்குப் பொருத்தந்தான்" என்றேன்.

அந்தப் பெயரின் பொருளை அவள் விளக்கினாள். 'தெரி' என்றால் ஜப்பானிய மொழியில் மினுமினுப்பு. 'யாக்கி' என்றால் சுடுதல், வாட்டுதல். இறைச்சியையோ மீனையோ வாட்டி, இனிப்பும் உப்பும் கலந்த சாற்றை அதன்மேல் பூசி, மெருகேற்றியதுபோல் பளபளக்கச் செய்வது. 'புரி' என்னும் கடல்மீனையும் அவர்கள் இம்முறையில் சமைக்கிறார்கள். கோழித் தொடைக்கறியை இப்படி வாட்டி, ஆழமான கிண்ணத்தில் சூடான சோற்றின்மேல் அடுக்கி வைத்தால் ஒருவருக்கு ஒரு வேளை உணவு முடிந்தது. அந்தக் கிண்ணத்துக்கும் அந்த உணவுக்கும் 'தொன்புரி' என்று ஒரே பெயர்.

சாமான் வாங்க மருமகனோடு கடைக்குப் போனேன். அது அங்குள்ள கூட்டுறவுக் கடை, கோப் கோபே. அதன் வாசலில் நான் சற்று நின்றுவிட்டேன். இறையியல் கல்லூரியில் சபைச் சரித்திரம் படித்த நாட்களில் தொயோஹிக்கோ ககாவாவின் பெயரை நான் கேட்டிருக்கிறேன். 1909ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், 21 வயது இறையியல் மாணவனாக இருந்தபோது, கோபேயின் ஷின்காவா சேரிக்குள் ஒரு சிறு அறையில் குடிபுகுந்தவர் அவர். நோயாளிகளையும் வீடற்றவர்களையும் அந்த அறையில் சேர்த்துக்கொண்டு, தன் உணவை அவர்களோடு பகிர்ந்துகொண்டார். அவரது வழிகாட்டுதலில் 1921ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களிலிருந்து வளர்ந்ததே இந்தக் கோப் கோபே. 1938ஆம் ஆண்டு டிசம்பரில் நம் தாம்பரத்தில் கூடிய உலக மிஷனரி மாநாட்டுக்கும் அவர் வந்திருந்தார். அவரைக் குறித்துத் தேர்வில் எழுதி நான் மதிப்பெண் பெற்றேன். ஆனால் ஒரு வீட்டுக்கு அரிசியும் சோயாவும் நியாய விலையில் கிடைக்கவேண்டும் என்று அவர் ஏன் அத்தனை பாடுபட்டார் என்பது, கையில் கூடையோடு நின்ற அன்றுதான் எனக்கு உறைத்தது. அடுப்பங்கரைக்குள் போகாதவனுக்கு அரிசியின் விலை ஒரு செய்தி மாத்திரமே.

வாங்கியவை இவை: எலும்பு நீக்கிய, தோலுடன்கூடிய கோழித் தொடைத் துண்டுகள் நான்கு, ஏறக்குறைய ஒரு கிலோ, சோயா சாஸ், சர்க்கரை, மிரின்.

மிரினைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும்; உங்களில் சிலர் எப்படியும் கேட்பீர்கள். அது ஒட்டும் தன்மையுள்ள ஒருவகை அரிசியிலிருந்து செய்யப்படும் இனிப்பான சமையல் நீர்மம். அசல் மிரினில் ஏறக்குறைய 14 சதவீதம் மதுச்சத்து உண்டு. பல வீடுகளில் சாக்கே என்னும் அரிசி மதுவையும் இந்தச் சாற்றில் சேர்ப்பார்கள். அடுப்பில் கொதிக்கும்போது மதுச்சத்தின் பெரும்பகுதி ஆவியாகிவிடும், ஆயினும் முழுவதும் போய்விடும் என்று சொல்லமுடியாது. என் மகள் அசல் மிரின் வாங்குவதில்லை. மிரினின் சுவையிலே செய்யப்பட்டு, மதுச்சத்து 1 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள வேறொரு வகை அங்கே விற்கப்படுகிறது. அதையே வாங்கிவரச் சொன்னாள். சாக்கேக்குப் பதில் தண்ணீர். உண்பதிலும் குடிப்பதிலும் பிறருடைய மனச்சாட்சியை எண்ணிப் பார்க்கவேண்டும் என்று ரோமர் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்திலிருந்து உங்களுக்குப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். என் மகள் அதைக் கடையில் நின்று செய்கிறாள்.

முதல் நாள் சமையலைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. மகள் குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டு உள்ளறையில் இருந்தாள். அவள் வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. சட்டியை அடுப்பில் வைத்து, தீயை முழுதாய் ஏற்றி, கறியையும் சோயாவையும் மிரினையும் சர்க்கரையையும் ஒரேயடியாய்ப் போட்டுவிட்டேன். நாலு சாமான் என்றுதானே சொன்னாள்! ஐந்து நிமிடத்தில் சாறு கருகிச் சட்டியில் தாராய் ஒட்டிக்கொண்டது. வீடெங்கும் புகை, கூரையிலிருந்த எச்சரிக்கைக் கருவி அலறியது, குழந்தை வீறிட்டது. கறியை அறுத்துப் பார்த்தால் வெளியே கரி, உள்ளே பச்சை. அன்றிரவு மருமகன் கடையிலிருந்து வாங்கிவந்த உணவை உண்டோம். என் மனைவி கட்டிலில் இருந்தபடியே, கருகிய சட்டியில் வெந்நீர் ஊற்றி ஊறவைக்கச் சொன்னாள். அதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் மாலை ரயில் நிலையத்தின் அருகே ஒரு சிறு கடையின் முன் நின்றேன். கோழித் துண்டுகளை மூங்கில் குச்சிகளில் கோத்துக் கரிநெருப்பில் வாட்டி விற்கும் கடை. அதற்கு 'யாக்கித்தோரி' என்று பெயர். உள்ளே மது பரிமாறுகிறார்கள். நான் வீதியோரத்தில் நின்று, திறந்திருந்த ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தகைய கடைகளில் சிறந்தவை 'பின்சோத்தான்' என்னும் கரியைப் பயன்படுத்தும் என்று மருமகன் சொல்லியிருந்தார். ஒசாகாவுக்குத் தெற்கேயுள்ள வாக்காயாமா பகுதியில் ஒருவகை ஓக் மரத்திலிருந்து சுட்டெடுக்கப்படுவது அது. தட்டினால் உலோகம்போல் ஒலிக்கும், புகை மிகக் குறைவு. சமையற்காரர் முதலில் கறியை வெறுமனே வாட்டினார். அது பெரும்பாலும் வெந்தபிறகுதான் சாறிருந்த ஜாடிக்குள் குச்சியை முக்கினார். மறுபடி நெருப்பின்மேல் சற்று நேரம், மறுபடி ஜாடிக்குள், மறுபடி நெருப்பு. ஒவ்வொரு முறையும் மெல்லிய பூச்சு ஒன்று ஏறியது. மூன்றாம் முறை எடுத்தபோது கறி பளபளத்தது. அந்தச் சாற்று ஜாடியைப் பழைய கடைக்காரர்கள் முற்றிலும் காலியாக்குவதில்லையாம். குறையக் குறையப் புதுச் சாறு ஊற்றி ஆண்டுக்கணக்காய்க் காத்து வருவார்களாம்.

என் தவறு எனக்கு விளங்கிற்று. சர்க்கரை நெருப்பில் விரைவாய்க் கருகும். கறியோ வேகக் காலம் எடுக்கும். கறி வெந்து ஆயத்தமாகும்வரை இனிப்பு காத்திருக்கவேண்டும்.

அன்றிரவு மகள் வாசற்படியில் குழந்தையோடு அமர்ந்து ஒவ்வொன்றாய்ச் சொல்ல, நான் செய்தேன். அவள் சொன்ன வரிசையிலேயே உங்களுக்கும் தருகிறேன்.

முதலில் சோறு. ஜப்பானியர் உண்பது குட்டையான, ஒன்றோடொன்று ஒட்டும் அரிசி. தண்ணீர் ஏறக்குறையத் தெளியும்வரை கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்கு அரிசிக்கு ஒன்றேகால் பங்குக்குச் சற்றுக் குறைவான தண்ணீர் சேர்த்து வேகவைக்கவேண்டும். வெந்தபின் மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விடவேண்டும். நம் ஊரில் செய்வோர் குழையாமல் வடித்த பச்சரிசிச் சோற்றைப் பயன்படுத்தலாம். பிரியாணி அரிசி வேண்டாம், சாறு அதில் தங்காது.

அடுத்தது கறி. தண்ணீரை நன்றாய் ஒற்றியெடுத்து, சிறிது உப்பு தூவி, தோல் கீழ்ப்புறமாய் இருக்கும்படி குளிர்ந்த சட்டியில் வைக்கவேண்டும். எண்ணெய் வேண்டாம். அதன்பின்பே அடுப்பை மிதமாய் ஏற்றவேண்டும். தோலிலுள்ள கொழுப்பு மெல்ல உருகி, அதிலேயே தோல் பொன்னிறமாய் மொறுமொறுப்பாகும். இதற்கு எட்டு நிமிடங்களாவது ஆகும். இடையிலே தொடக்கூடாது. எனக்கு மிகவும் கடினமாயிருந்தது இதுவே. பிறகு திருப்பிப்போட்டு நான்கைந்து நிமிடம். கறியின் நடுவில் இளஞ்சிவப்பு நிறம் இருக்கலாகாது.

இப்போது ஒரு முக்கியமான காரியம். சட்டியில் தேங்கிய கொழுப்பைத் தாளால் துடைத்தெடுத்துவிடவேண்டும். கொழுப்பு இருந்தால் சாறு கறியின்மேல் பற்றாது, வழுக்கிப்போகும்.

அதன்பின் சாறு. ஒரு கிலோ கறிக்கு சோயா சாஸ் ஐந்து மேசைக்கரண்டி, மிரின் ஐந்து, தண்ணீர் ஐந்து, சர்க்கரை இரண்டு. மிரின் கிடைக்காதவர்கள் தண்ணீரை இன்னும் மூன்று கரண்டியும் சர்க்கரையை இன்னும் ஒன்றரைக் கரண்டியும் கூட்டிக்கொள்ளலாம். முன்பே கலந்துவைத்து, தீயைக் குறைத்து ஊற்றவேண்டும். சாறு கொதிக்கும்போது, சட்டியைச் சாய்த்து, கரண்டியால் அள்ளி அள்ளிக் கறியின்மேல் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். முதலில் சிறு குமிழிகள் விரைவாய் எழும். சாறு கெட்டியாகக் குமிழிகள் பெரிதாகி மெதுவாய் உடையும். அப்போது அடுப்பை அணைத்துவிடவேண்டும். இன்னும் அரை நிமிடம் விட்டால் கசந்துபோகும். சிறிது ஆறவிட்டு, விரலகலத் துண்டுகளாய் நறுக்கிச் சோற்றின்மேல் அடுக்கி, சட்டியிலுள்ள மிச்சச் சாற்றை அதன்மேல் விடவேண்டும். மேலே கொஞ்சம் வெங்காயத்தாளும் வறுத்த எள்ளும் போதும்.

அன்று அது பளபளத்தது, பிரியமானவர்களே. அந்தச் சட்டியைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை உங்களுக்கு எப்படிச் சொல்லுவேன்! நன்றாய் அமைந்த பிரசங்கம் எதுவும் அந்த மகிழ்ச்சியைத் தந்ததில்லை என்றால் மிகையாகாது.

நான்கு கிண்ணங்கள், நான்கு தொடைத் துண்டுகள். தொன்புரியின் முறை அது. நடுவிலே பெரிய பாத்திரம் வைத்து ஒருவர் பரிமாறுவதில்லை. ஆளுக்கு ஒரு கிண்ணம், எல்லாம் ஒன்றுபோல், எல்லாருக்கும் ஒரே நேரத்தில். என் மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, காலுக்கு ஒரு முக்காலி போட்டு, அவள் முன்னும் ஒரு கிண்ணத்தை வைத்தேன். வைத்த மாத்திரத்தில் அவள் இரண்டு துண்டுகளை எடுத்து மருமகனின் கிண்ணத்தில் போட்டாள். அவர் பதறி, "வேண்டாம் அத்தை, எனக்கு நிறைய இருக்கிறது" என்று திருப்பிப் போட்டார். பின்பு அவள் ஒரு துண்டை வாயிலிட்டாள். சற்று நேரம் மென்றாள்.

"தொடைக்கறி இவ்வளவு மெத்துனு இருக்குமா?" என்றாள்.

நான் திகைத்தேன். "உனக்குக் கழுத்துக்கறிதானே பிடிக்கும்?" என்று கேட்டேன். இத்தனை ஆண்டுகளாய் அப்படித்தான் அறிந்திருக்கிறேன். உங்களில் பலரிடம் நானே சொல்லியிருக்கிறேன். உங்கள் வீடுகளில் விருந்துண்ணும்போது, "ஐயரம்மாவுக்குக் கழுத்துதான் இஷ்டம்" என்று சொல்லி, அதையே அவள் தட்டில் வைக்கச் செய்திருக்கிறேன்.

அவள் சாதாரணமாய்ச் சொன்னாள்: "சின்னப் பிள்ளையில இவ கேட்டப்போ அப்படிச் சொன்னேன். நீங்களும் நம்பிட்டீங்க."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் நம்பியிருந்தாள்.

ஒரு கோழிக்கு இரண்டு கால்கள்தாம். குருமனையில் ஞாயிற்றுக்கிழமை கோழி அடித்தால் ஒன்று விருந்தாளிக்கு, மற்றொன்று எனக்கு. பிள்ளைகள் வளர்ந்தபின் அவர்களுக்கு. பேராயர் வந்த நாட்களும், உபதேசியார்கள் கூடிய நாட்களும், பிரயாணப்பட்டு வந்த ஊழியக்காரர் பசியோடு கதவைத் தட்டிய நாட்களும் எத்தனையோ உண்டு. நாங்கள் மேசையில் அமர்ந்து ஊழியத்தைக் குறித்துப் பேசிக்கொண்டிருப்போம். அவள் அடுக்களையில் நின்றிருப்பாள். எல்லாரும் கைகழுவியபின் சட்டியில் எஞ்சிய கழுத்தையும் முதுகெலும்பையும் குழம்பையும் அவள் எடுத்துக்கொள்வாள். 29 ஆண்டுகளில் அவள் தொடைக்கறி தின்று நான் ஒருமுறையும் கண்டதில்லை. காணாதிருந்ததையும் அன்றுவரை நான் உணரவில்லை. தியாகத்தைக் குறித்து எத்தனை பிரசங்கங்கள் செய்திருக்கிறேன்! என் மேசைக்கு ஆறடி தூரத்தில் நடந்த தியாகத்தை ஒரு பொய்யால் அவள் எனக்கு மறைத்தாள். அந்தப் பொய்யை நம்புவது எனக்கு வசதியாயிருந்தது.

உணவு முடிந்ததும் மருமகன் இரு கைகளையும் குவித்து, என்னை நோக்கித் தலைதாழ்த்தி, "கொச்சிசோசாமா" என்றார். ஜப்பானியர் உண்ணத் தொடங்கும்போது 'இத்ததக்கிமாஸ்' என்பார்கள்: தாழ்மையாய்ப் பெற்றுக்கொள்ளுகிறேன் என்பது அதன் பொருள். பழங்காலத்தில், பெற்றதைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடிப்பதை அந்தச் சொல் குறித்ததாம். உண்டு முடித்தபின் சொல்வது 'கொச்சிசோசாமா'. அதை எழுதும் எழுத்துகளிலே 'ஓடுதல்' என்ற பொருள் அடங்கியிருக்கிறது என்று மருமகன் சொன்னார். விருந்தினனுக்கு உணவு ஆயத்தம்பண்ண, வேண்டிய பொருள்களைத் தேடி அங்குமிங்கும் குதிரையேறி ஓடினவனை அது நினைக்கிறது. எனக்காக ஓடினீர்களே என்று ஒவ்வொரு வேளையும் சொல்லி எழுவது அந்த மக்களின் வழக்கம். அவர்களில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே. நாம் வேதத்தைக் கையில் வைத்திருப்பவர்கள்.

நான் உண்ணுமுன் ஜெபிக்கிறவன். என் ஜெபம் சற்று நீளமானது என்பதும் நீங்கள் அறிந்ததே. மழையைத் தந்தவருக்கு, விளைச்சலைத் தந்தவருக்கு, பசித்தவர்களை நினைக்கிறவருக்கு ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன். அவையெல்லாம் நல்ல ஜெபங்களே. ஆனால் அந்த ஜெபங்களில் அடுப்பருகே நின்றவளுடைய பெயர் இருந்ததில்லை. என் ஆமேனுக்காகக் காத்துக் கொண்டு, குழம்பு ஆறுகிறதே என்ற கவலையோடு அவள் நின்றிருப்பாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. யோவான் எழுதின சுவிசேஷத்தின் 21ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். இரவெல்லாம் வலைபோட்டுக் களைத்துக் கரைசேர்ந்த சீஷர்களுக்காக, உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, அதன்மேல் மீனும், அப்பமும் ஆயத்தமாய் வைத்திருந்தார். கிரேக்க மூலத்தில் கரிநெருப்பைக் குறிக்கும் அந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. மற்றது 18ஆம் அதிகாரத்தில், பிரதான ஆசாரியனின் முற்றத்தில். பேதுரு குளிர்காய்ந்துகொண்டே ஆண்டவரை அறியேன் என்று மறுதலித்த நெருப்பு அது. இதை வகுப்பறையில் கற்றேன், உங்களுக்கும் போதித்தேன். ஆனால் அந்தக் கடற்கரை நெருப்பை யாரோ ஒருவர் குனிந்து ஊதி மூட்டவேண்டியிருந்தது என்பதையும், மீனைக் கருகாமல் திருப்பிப்போடவேண்டியிருந்தது என்பதையும் நான் ஒருநாளும் எண்ணிப்பார்த்ததில்லை. மரணத்தை ஜெயித்தவர் அதிகாலையில் சமையல் செய்தார். மறுதலித்தவனுக்கு முதலில் உணவு கொடுத்தார். அவர்கள் உண்டு முடித்தபின்பே தம்முடைய கேள்வியைக் கேட்டார்.

நான் மறுநாள் காலையில் என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். நன்றாய் ஆயத்தம்பண்ணி, நீண்ட வார்த்தைகளில் கேட்கத் தொடங்கினேன். அவள் பாதியிலேயே நிறுத்தி, "மத்தியானத்துக்கு என்ன செய்யப்போறீங்க?" என்றாள். அந்தக் கேள்வியே சரி என்று எனக்குத் தோன்றிற்று. ஒரேயடியாய் ஊற்றினால் சாறு கருகிப்போகும் என்று அறிந்தும் வார்த்தைகளில் அதையே செய்யப்போனேன். 29 ஆண்டுகளின் கடனை ஒரு காலை உரையில் தீர்த்துவிட முடியாது. சிறிது சிறிதாய், ஒவ்வொரு நாளும், தீயைக் குறைத்துவைத்து, கரண்டியால் அள்ளி ஊற்றவேண்டும். மினுமினுப்பு அப்படித்தான் ஏறும்.

பத்து நாட்களும் நானே சமைத்தேன். அதில் ஆறு நாட்கள் இதே உணவு. வேறொன்று எனக்குத் தெரியாது. ஒருவரும் முறுமுறுக்கவில்லை. வீக்கம் வற்றியது.

இப்போது ஊர் திரும்பியபின் வெள்ளிக்கிழமை இரவுச் சமையல் என்னுடையது. நம் ஊர்க் கறிக்கடைக்காரரிடம் தொடையைத் தோலுரிக்காமல் எலும்பெடுத்துத் தரும்படி கேட்டபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார், இப்போது பழகிவிட்டார். இரண்டு கிண்ணங்கள், இரண்டு துண்டுகள். இருவரும் சேர்ந்து உட்காருகிறோம். ஆயினும் உண்டுகொண்டிருக்கும்போதே தண்ணீர் எடுக்கவென்று அவள் எழுந்துவிடுகிறாள். நான் கையைப் பிடித்து உட்காரவைக்கிறேன். சில நாள் எனக்கு முந்தி எழுந்துவிடுகிறாள். கழுத்துக்கறி எங்கே என்று ஒருநாள் கேட்டாள். கேலியாகக் கேட்டாளா, மெய்யாகக் கேட்டாளா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் கோழிக்குழம்பு வைக்கும் நாளில் ஒரு காரியத்தைக் கவனித்துப் பாருங்கள். யார் எந்தத் துண்டை எடுக்கிறார்கள்? கடைசியாய் உட்காருகிறவர் யார்? அவருக்கு எது பிடிக்கும் என்று நீங்கள் நினைத்திருப்பது மெய்தானா என்று கேளுங்கள். கேட்டவுடன் உண்மையைச் சொல்லமாட்டார்கள். மறுபடியும் கேளுங்கள். அம்மா உயிரோடிருக்கும் பிள்ளைகள் தாமதிக்கவேண்டாம்.

சபையாகிய நமக்கும் இதில் ஒரு காரியம் உண்டு. அசனப் பண்டிகையன்று ஆடு கொடுத்தவர்கள், அரிசி கொடுத்தவர்கள் பெயர்களையெல்லாம் நான் ஆராதனையில் வாசிக்கிறேன். முந்தின இரவெல்லாம் அண்டாவருகில் புகையில் நின்றவர்களின் பெயரை வாசித்ததில்லை. உண்டபின் பாத்திரம் துலக்கியவர்களின் பெயர் எனக்கே தெரியாது. வரும் அசனத்தில் அந்தப் பட்டியல்தான் முதலில் வாசிக்கப்படும். அவர்களுக்கு முதல் பந்தியில் இடம் ஒதுக்கும்படி சேகரக் கமிட்டியாரையும் கேட்டிருக்கிறேன். அந்தப் பந்தியில் பரிமாற நான் நிற்பேன். என்னோடு நிற்க விரும்பும் ஆண்கள் கமிட்டிச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.

ஜெபிப்போமாக. கரையிலே எங்களுக்காகக் கரிநெருப்பு மூட்டின ஆண்டவரே, எங்கள் பசியாற ஓடியவர்களை நாங்கள் கண்டுகொள்ள எங்கள் கண்களைத் திறந்தருளும். அவர்கள் எங்களுக்கு மறைத்த பசியை எங்களுக்குக் காண்பியும். காலங்கடந்து நன்றி சொல்லுகிற எங்களை ஏற்றுக்கொண்டு, அவர்களோடு ஒரே மேசையில், ஒரே நேரத்தில் உட்காரும் கிருபையைத் தாரும். ஆமேன்.

உங்கள் போதகர்